ஊருணியும் பள்ளிச் சுவரும்: நமக்கு நாமே திட்டத்தில் பணம் கட்டும் முன்

அனைவருக்கும் வணக்கம்.

ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து, நம் ஊர்ச் சங்கத்தின் வழியாக ஊருணியைத் தூர்வாரிப் படித்துறை கட்டுவது, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது என்று இரண்டு வேலைக்கும் இந்தக் குழுவில் தலைக்கு இவ்வளவு என்று பேச்சு ஓடுகிறது. வசூலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அரசு மானியத்தோடு சேர்த்துச் செய்யப் போகிறோம் என்றால் வேலைக்கான செலவு மதிப்பீடு முதலில், வசூல் அப்புறம். இந்த வரிசை மாறினால் பணம் சங்கக் கணக்கில் தூங்கும், கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல ஆள் இருக்காது.

நமக்குப் பொருந்தும் வாசல் நமக்கு நாமே திட்டம். 1997-98-இல் வந்தது, நடுவில் நின்று 2021-இல் திரும்பவும் தொடங்கியது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். நிர்வாக அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். நம் பங்குக்கு மேல்வரம்பு இல்லை. இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் வேலை டெண்டருக்குப் போகும், யார் எடுத்தாலும் நாம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். பாதிக்கு மேல் நாம் கட்டினால் டெண்டர் இல்லாமல் நாமே செய்யலாம், அல்லது நாம் நம்பும் மேஸ்திரியை வைத்துச் செய்யலாம்.

என் யோசனை: சுற்றுச்சுவருக்கு மூன்றில் ஒன்று போதும். அஸ்திவாரம், தூண், செங்கல், பூச்சு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தப்பு நடந்தால் தலைமையாசிரியரே சொல்லிவிடுவார். ஊருணிக்கு மட்டும் பாதிக்கு மேல் கட்டுவோம். மதிப்பீடு 15 லட்சம் வந்தால் சரியாக ஏழரையில் நிற்காமல் எட்டாகக் கட்டிவிடுங்கள். பாதியா, பாதிக்கு மேலா என்ற வாதமே எழாது. நாமே செய்தாலும் அளவும் தரமும் மதிப்பீட்டில் உள்ளபடிதான். அரசுப் பங்கு அளந்த வேலைக்குத்தான் வரும். ஆக முதல் பில் வரும்வரை கூலிக்கும் டீசலுக்கும் கையில் ஓட்டம் வேண்டும், அதையும் வசூலில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேஸ்திரி வாய்க்கணக்காகச் சொல்லும் தொகைக்கும் மதிப்பீட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். மதிப்பீட்டில் ஜிஎஸ்டி 18 விழுக்காடு, தொழிலாளர் நல நிதி 1 விழுக்காடு எல்லாம் ஏறும். நம் பங்கு அந்த மொத்தத்தின் மேல்தான்.

ஊருணியை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், தூர்வாரும் வேலைக்கு ஒரே சாட்சி அளவுதான். ஜேசிபி இறங்கும் முன்னால் ஊராட்சி ஒன்றிய ஓவர்சீயரோ உதவிப் பொறியாளரோ வந்து தரைமட்டத்தை லெவல் வைத்து எடுத்துப் பதிய வேண்டும். வேலை முடிந்ததும் அதே புள்ளிகளில் மறுபடி எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெட்டிய மண், அது எம்-புக்கில் (வேலை அளவைப் பதியும் அரசுப் புத்தகம்) ஏறினால்தான் பில். முதல் லெவல் எடுக்காமல் “நல்ல நாள் பார்த்தாச்சு” என்று பூசை போட்டு மண் அள்ளத் தொடங்கினால் அள்ளிய மண்ணுக்குக் கணக்கே கிடையாது. கடைசி லெவல் எடுப்பதற்குள் மழை பெய்து ஊருணி நிறைந்துவிட்டாலும் இதே கதைதான், தண்ணீருக்கு அடியில் யாரும் அளக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆகவே ஆகஸ்டுக்குள் அளவு முடிகிற மாதிரி பார்க்க வேண்டும், அதற்குக் கோப்பு தை மாசியிலேயே நகர்ந்திருக்க வேண்டும். எடுத்த லெவல் புள்ளிகளுக்குப் பக்கத்தில் கரையில் ஒரு கல்லை ஊன்றி வைக்கச் சொல்லுங்கள், இரண்டாம் முறை அளக்கும்போது சண்டை வராது.

மண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். கரையைப் பலப்படுத்தப் போடலாம். வயலுக்கு வண்டல் அடிக்க வேண்டுமென்றால் விவசாயிக்கும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனால் அதோடு வேலை நிற்கும், கனிமக் கொள்ளை என்று ஒரு மனு போதும்.

அடுத்தது யாருடைய நீர்நிலை என்பது. ஊருணி, குளம், குட்டை ஊராட்சியிடம் இருக்கும். கண்மாய் என்றால் ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம், மேலே போனால் நீர்வளத் துறை. நம் ஊரில் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பெரிய கண்மாயின் கலுங்கிலிருந்து (மிகைநீர் வழியும் இடம்) வருகிறது. ஊருணியை மட்டும் அழகாகத் தோண்டி வரத்துக்காலைத் தொடாமல் விட்டால் படித்துறையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் போகிறது, யார் வசம் இருக்கிறது என்று அ-பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நீர்வளத் துறை வசம் என்றால் அந்தப் பகுதிக்கு அவர்களிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் சர்வேயர் அளந்து எல்லைக்கல் நட்ட பிறகே மதிப்பீடு. இதில் நம் பங்காளிகள் பெயரும் வரும், முகம் பார்க்க முடியாது.

பள்ளிச் சுவருக்கும் இடம் பள்ளியின் பெயரில் இருக்கிறதா, நத்தமா, புறம்போக்கா என்று பாருங்கள். தனியார் இடத்திலோ வழிபாட்டு இடத்திலோ இந்தப் பணம் போகாது. ஊருணிக்கரைப் பிள்ளையார் கோயிலுக்கும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்ட அண்ணனுக்கும் இதுதான் பதில்.

இனி பணம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வளைகுடாவில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) எடுத்தும் இந்தியக் குடியுரிமையை விடாதவர்கள், அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருப்பவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். சிங்கப்பூர், மலேசியா, கனடா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் வரமாட்டார்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர்தான். நம் சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது, அவர்களிடமிருந்து ஒரு ரூபாயும் சங்கக் கணக்கில் விழக் கூடாது.

சிங்கப்பூர்ச் சங்கத்தில் மொத்தமாகச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பலாமே என்ற யோசனைக்கும் இதே பதில். வெளிநாட்டில் பதிவான சங்கத்தின் பணம் வெளிநாட்டுப் பணம், உறுப்பினர்கள் அத்தனை பேரும் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும். தவிர, சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்ட அனுமதி வேண்டும், திரட்டியதில் 80 விழுக்காடு அங்கேயே செலவாக வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. அமீரகத்தில் இன்னும் கடுமை: உரிமம் இல்லாமல் தனியாள் நன்கொடை திரட்டுவதே 2021-இன் சட்டப்படி குற்றம். ஷார்ஜா அறையில் நோட்டுப் போட்டு வசூலிக்கும் தம்பிகள் இன்றோடு நிறுத்துங்கள். அவரவர் தன் என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) தனித்தனியாக ஊர்ச் சங்கக் கணக்குக்கு அனுப்புவதே சுத்தமான வழி. பொருளாளர் ஒவ்வொரு வரவுக்கும் பாஸ்போர்ட் முதல் பக்க நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும், கேட்டால் காட்ட.

அப்படியானால் குடியுரிமை மாறியவர்கள் என்ன செய்வது? சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வாங்க வேண்டுமானால் மூன்று ஆண்டு பழமையும் அந்த மூன்று ஆண்டில் நோக்கப் பணிக்கு 15 லட்சம் செலவு செய்த கணக்கும் வேண்டும். குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட வேலை என்று முன்அனுமதி வாங்கலாம். ஆனால் அதற்கும் டெல்லி நாடாளுமன்றத் தெரு எஸ்பிஐ முதன்மைக் கிளையில் கணக்கு, ஆண்டுதோறும் படிவம் என்று வரிசையாக இருக்கிறது. நாலைந்து லட்சத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம் என்பது என் கருத்து. பதிவுள்ள வேறொரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து அவர்கள் நமக்குத் தரட்டும் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் கைமாற்றித் தர முடியாது. தாங்களே வேலையைச் செய்ய வேண்டும். ஊரிலுள்ள மச்சான் கணக்கில் போட்டு அவர் பெயரில் கட்டச் சொல்வது சட்டத்தைச் சுற்றிப் போகும் வேலை, சங்கத்தையே மாட்டிவிடும். அயலகத் தமிழருக்கென்று அரசு அறிவித்த எனது கிராமம் திட்டத்துக்கு எழுதி, நேரடியாக எப்படிக் கட்டலாம் என்று பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

வரிவிலக்கு கேட்டவர்களுக்கு: 80ஜி என்ற நன்கொடை வரிச்சலுகை உங்களுக்கு உதவ வேண்டுமானால் இந்தியாவில் வரி கட்டும் வருமானமும் பழைய வரிமுறையும் இருக்க வேண்டும். வளைகுடாச் சம்பளம் மட்டும் உள்ளவருக்குப் பயன் இல்லை. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 என்ற பதிவுகள், மூன்றாண்டு வேலைக் கணக்கு எல்லாம் சங்கத்திடம் கேட்பார்கள். இந்த ஆண்டு அதை மறந்துவிடலாம்.

ஊரில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவு. அடுத்து வரும் கிராம சபையில் இரண்டு வேலைக்கும் தனித்தனித் தீர்மானம் போடுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. தீர்மானத்தில் புல எண், பரப்பு, “பொதுமக்கள் பங்கு இவ்வளவு” என்பது வர வேண்டும். “ஊருணியைச் சீரமைக்க வேண்டும்” என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. அந்த நகலோடு விருப்பக் கடிதத்தை பிடிஓவிடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். மதிப்பீடு வந்த பிறகு நம் பங்குக்கான டிடி (வங்கி வரைவோலை) யார் பெயரில் எடுப்பது என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். சங்கத்தின் ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் நிலுவை இல்லாமல் இருக்கிறதா என்று செயலாளர் இந்த மாதமே பார்த்துவிடட்டும். பழைய நிர்வாகி பெயரில் கணக்கு இருந்தால் டிடி எடுக்கும் நாளில்தான் தெரியவரும்.

யார் எந்தப் பாஸ்போர்ட் என்பதை மட்டும் பொருளாளருக்குத் தனி மடலில் சொல்லுங்கள். நகலைக் குழுவில் போடாதீர்கள், இருநூறு பேர் படிக்கும் இடம் இது.