கருக்கலைப்புச் சட்டத் துண்டறிக்கைக்கு விவரம் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் பெண்களுக்காக, கருக்கலைப்புச் சட்டம் குறித்து எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை தயாரித்து வருகிறேன். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பதை இன்றும் குற்றமாகவே வைத்திருக்கிறது. வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணுக்குக்கூட விலக்கு இல்லை. அங்கே பழகிய அச்சத்தை இங்கும் சுமந்துகொண்டு, மருத்துவரிடம் வாய் திறக்கவே தயங்கும் பெண்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இந்தியாவிலோ 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும், சட்டம் கூறும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துடனும், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்துடனும் கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையொப்பம் சட்டப்படி தேவையில்லை. ஆயினும் அண்மையில் ஒரு மருத்துவமனை, கணவரை அழைத்து வரும்படி கூறி, எனக்குத் தெரிந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியது.

அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியரும் மருத்துவரும் இக்குழுவில் இருப்பின், 12 வாரத்தைக் கடந்த கருவைக் கலைக்கும் வசதி உங்கள் மாவட்டத்தில் எங்கு நடைமுறையில் கிடைக்கிறது என்பதையும், முகாம் அடையாள அட்டை அங்கு ஏற்கப்படுகிறதா என்பதையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். துண்டறிக்கையின் சட்டப் பகுதியை வழக்கறிஞர் ஒருவர் படித்துத் திருத்தித் தந்தால் மிகுந்த நன்றியுடையவளாவேன்.