டெஸ்டர் எரிந்தது, ஓவன் சூடாகவில்லை

கோண்டாவிலில் இருந்து:

கறண்ட் அடுப்பு வைத்திருக்கிற எல்லோரும் இதை ஒருக்கா வாசியுங்கள், உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். என்னுடையது கொஞ்சம் நீளம்.

நான் வீட்டில் கேக் அடித்துக் கொடுக்கிறவள். மேலே நான்கு தட்டும் கீழே ஓவனும் உள்ள அடுப்பு, ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை. போன கார்த்திகை மழைக்குள் ஒரு பிறந்தநாள் கேக்கின் நடு இறங்கிவிட்டது. பேக்கிங் பவுடர் பழசாக்கும் என்று புதிதாக வாங்கினேன், அடுத்ததும் இறங்கியது. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் சூடேறுகிற ஓவன் அந்த நாட்களில் இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். குசினியில் அடிக்கடி மீன் பொரித்த மாதிரி ஒரு வாடையும் வந்தது, பக்கத்து வீட்டுச் சமையல் என்று விட்டுவிட்டேன். அந்த வாடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் நாள் ஓவன் முழுதாக நின்றது, லைட் கூட இல்லை. திருத்துகிற தம்பி வந்து அடுப்பை வெளியே இழுத்து, பின்மூடியைக் கழற்றி, டெஸ்டரை (கறண்ட் இருந்தால் உள்ளே சின்ன விளக்கு எரிகிற ஸ்க்ரூ டிரைவர்) வைத்தார். சிவப்பாக எரிந்தது. "கறண்ட் வருகுது அக்கா, எலிமென்ட் போயிட்டுது" என்றார். எலிமென்ட் என்பது ஓவனைச் சூடாக்குகிற கம்பி. மாற்றினார், வேலை செய்தது, காசைக் கொடுத்தேன். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள், கலவையைத் தட்டில் ஊற்றி வைத்த பிறகு, மறுபடி நின்றது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது, பின்னேரம் ஐந்து மணிக்குக் கேக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் முன்பு வயரிங் வேலை செய்த ஒரு ஐயா இருக்கிறார். அவர் அடுப்பைத் தொடவே இல்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை, சுவரில இருக்கிற குக்கர் சுவிச்சைத் தொட்டுப் பாத்தனியோ?" பார்க்கவில்லை. அவர் சுவிச்சின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், ஓவன் லைட் வந்தது! பிறகு மீட்டரை எடுத்து, அடுப்பு ஓடாமல் இருக்கும்போது அடுப்பு முனையில் அளந்தார், 230 வோல்ட். ஓவனைப் போட்டுவிட்டு அளந்தார், 206. மெயின் போர்ட்டில் அதே நேரம் 229. "சும்மா இருக்கேக்க அளந்தா எல்லாம் சரியாத்தான் காட்டும் பிள்ளை, வேலை செய்யேக்க அளக்கவேணும்" என்றார்.

இடையில் 23 வோல்ட் எங்கே போகிறது? மெயினை நிறுத்தி, கறண்ட் இல்லை என்பதை மறுபடி அளந்து உறுதிசெய்த பிறகு சுவிச்சைக் கழற்றினார். நியூட்ரல் வயர், அதாவது கறண்ட் திரும்பிப் போகிற வயர், 7/1.04, ஏழு இழை, ஒவ்வொன்றும் 1.04 மில்லிமீட்டர். அதில் மூன்று இழைதான் ஸ்க்ரூவுக்குக் கீழே இருந்தது, மற்ற நான்கும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஸ்க்ரூவும் இறுக்கமில்லை. வயரின் உறை கரிந்து, சுவிச்சின் வெள்ளை உடம்பு பாணியாகக் காய்ச்சிய சீனியின் நிறத்தில் பொங்கி இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், அதே மீன் வாடை. சுவிச் செய்கிற அந்தப் பிளாஸ்டிக் சூடானால் அப்படித்தான் மணக்குமாம். ஓவன் இழுத்தது கிட்டத்தட்ட 9 அம்பியர், அதை 23 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், 200 வாட்டுக்கு மேல். பழைய 100 வாட் குமிழ் இரண்டு அந்தச் சின்னப் பெட்டிக்குள் எரிந்த மாதிரி. ஓவனுக்கும் அதன் பலத்தில் ஐந்தில் நான்குதான் போயிருக்கிறது, கேக் இறங்காமல் என்ன செய்யும்?

டெஸ்டர் ஏன் எரிந்தது என்றும் கேட்டேன். அதற்குள் இருக்கிற விளக்குக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும், ஒரு இழையில் தொங்குகிற இணைப்பு கூட அதை எரிய வைக்கும். நியூட்ரல் விட்டுப்போய் எலிமென்ட் நன்றாக இருந்தால், லைவ் வயரில் (கறண்ட் வருகிற வயர்) இருந்து கறண்ட் எலிமென்ட் வழியே வந்து நியூட்ரல் பக்கமும் டெஸ்டர் எரியும். இரண்டு வயரிலும் எரிகிறதே என்று பயப்படுவார்கள், உண்மையில் அது நியூட்ரல் இல்லை என்பதற்கான அடையாளம். அந்தத் தம்பி அடுப்பை இழுத்த இழுவையில் வயர் அசைந்து தற்காலிகமாகப் பிடித்திருக்கிறது, எலிமென்ட்டால் வேலை செய்தது என்று இருவரும் நம்பினோம். பழைய எலிமென்ட்டை ஐயா அளந்தார். மின்தடை 23 ஓம், ஒரு பிழையும் இல்லை.

காரைநகரில் இருந்து:

அக்கா, எங்களுடையது இன்னும் பயங்கரம். எங்கள் வீடு மூன்று பேஸ், அதாவது கம்பத்தில் இருந்து மூன்று லைவ் வயர் வருகிறது. ஒரு இரவு அம்மா அடுப்பைப் போட்டதும் குசினி லைட் மங்கி, ஹோல் லைட் கண் கூசுகிற மாதிரி வெளிச்சமானது. அடுப்பை நிறுத்தினால் திரும்பவும் மாறியது. தம்பி சிரித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான். அதற்குள் டீவியும் பிரிட்ஜும் போய்விட்டன. வீதிக் கம்பத்தில் இருந்து வருகிற நியூட்ரல் விட்டிருந்தது. நியூட்ரல் இல்லாவிட்டால் ஒரு பேஸில் பாரம் கூடும்போது அங்கே வோல்ட் குறைந்து மற்றதில் ஏறும், 300க்கு மேலும் போகலாம். கம்பத்தில் அலுமினியமும் செம்பும் சேர்கிற இடத்தில் வெள்ளைப் பூப் பூத்து அரித்திருந்ததை வந்தவர்கள் காட்டினார்கள். எங்களுக்குக் கடற்காற்று, உப்பு. ஒரு லைட் மங்கி ஒரு லைட் கூடினால் ஒன்றும் யோசிக்க வேண்டாம், ஓடிப்போய் மெயினை நிறுத்துங்கள். கம்பத்து வேலையை மின்சாரக்காரர்தான் செய்ய வேண்டும், ஏணி வைத்து ஏறாதீர்கள்.

வடமராட்சியில் இருந்து:

எங்களுக்கு வயரும் சரி, சுவிச்சும் சரி. விடிய ஐந்து மணிக்கு 228 வோல்ட், இரவு ஏழு மணிக்கு 185. லைனின் கடைசி வீடு. 185இல் ஓவனுக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம் கூட வராது. ஒரு கிழமை நேரத்தோடு எழுதி வைத்து மின்சாரக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அயல் வீட்டார் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் வீட்டை வேறு பேஸுக்கு மாற்றிய பிறகு இப்போது 215க்குக் கீழே போவதில்லை. சும்மா "கறண்ட் குறைவு" என்று சொல்வதைவிட எழுதிய தாளுக்கு மதிப்பு இருக்கிறது.

கனடா ஸ்காபரோவில் இருந்து:

இங்கே உள்ள அடுப்புக்கு 120 வோல்ட்டில் இரண்டு லைவ், சேர்ந்தால் 240. ஒரு பக்கம் போனால் மணிக்கூடும் லைட்டும் இருக்கும், ஓவன் மட்டும் சூடாகாது. எனக்கு அப்படி நடந்தது, பிரேக்கரில் ஒரு பக்கம் பழுது. இந்த அடுப்பைக் கொண்டெய்னரில் ஊருக்கு அனுப்பலாமா என்று தங்கச்சி கேட்டாள், வேண்டாம் என்றேன். எலிமென்ட் அங்கே சூடாகும், ஆனால் லைட்டுக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் 120 வேண்டும், அங்கே 230 நேராகப் போனால் எரிந்துவிடும். கறண்டின் துடிப்பை எண்ணி ஓடுகிற மணிக்கூடாக இருந்தால், இங்கே செக்கனுக்கு 60, அங்கே 50, மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும்.

மானிப்பாயில் இருந்து:

எனக்கு மழைக்கு ட்ரிப் சுவிச் (கறண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற சுவிச்) விழுந்தது, ஓவனைப் போட்டால் மட்டும். இரண்டு மாதம் பாவிக்காமல் இருந்த ஓவன். எலிமென்ட்டுக்குள் இருக்கிற வெள்ளைத் தூள் ஈரத்தை இழுக்குமாம். பார்க்க வந்த ஒருவர் எர்த் வயரை, அதாவது கசிகிற கறண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற வயரை, கழற்றிவிட்டால் விழாது என்றார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் அவரை அப்படியே திருப்பி அனுப்பினேன். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்றுதான் அந்தச் சுவிச்சை வைக்கிறோம். எலிமென்ட்டை மாற்றினோம், நின்றது.

கோண்டாவிலில் இருந்து:

மானிப்பாய்த் தங்கச்சி, நல்ல வேலை செய்தீர்கள். அன்றைய கேக் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐயா தன் வீட்டில் இருந்த புதுச் சுவிச்சைக் கொண்டுவந்து, கரிந்த வயரை வெட்டி, ஏழு இழையையும் முறுக்கி உள்ளே விட்டு இறுக்கினார், இழுத்தும் பார்த்தார். போட்டு அளந்தபோது 228. கலவை பழுதாகிவிட்டது, புதிதாக அடித்தேன், ஆறரைக்குக் கொடுத்தேன், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு கேக் இறக்கிய பிறகும் சுவிச் மூடியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன், சுவரைப் போலவே குளிர்ந்து இருக்கிறது.