மரத்தில் நகைப்பெட்டி செய்து பரிசளித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கைக்காகத் தேக்கில் ஒரு நகைப்பெட்டி செய்து கொடுத்தேன். அவளிடம் என்னென்ன நகை இருக்கிறது என்று அம்மா மூலம் தெரிந்துகொண்ட பிறகுதான் பலகையையே அறுத்தேன். புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். வெளி அளவை முதலில் முடிவு செய்யாதீர்கள். வளையலைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா? ஜிமிக்கி நசுங்காமல் இருக்க எவ்வளவு உயரம் வேண்டும்? சங்கிலியை மடிக்காமல் நீட்டி வைக்க அறை போதுமா? இதையெல்லாம் தாளில் வரைந்து, பலகையின் கனத்தையும் கூட்டினால் வெளி அளவு தானாக வந்துவிடும். கடையில் வாங்கும் பெட்டியில் நம் நகையை அறைக்கு ஏற்றபடி திணிக்க வேண்டும். கையால் செய்வதில் அந்தக் கட்டாயம் இல்லை.

நான்கு பக்கத்தையும் ஒரே பலகையிலிருந்து வரிசை மாறாமல் அறுத்தேன். மூலைகளை 45 டிகிரியில் சேர்த்ததும் மரத்தின் ரேகை உடையாமல் பெட்டியைச் சுற்றி ஓடியது. நான்காவது மூலையில் மட்டும் ரேகை பொருந்தாது, அதனால் அதைக் கீல் வரும் பின்பக்கம் தள்ளிவிட்டேன். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஒட்டும் இடத்தை அசிடோனால் துடைத்து, அது காய்ந்த உடனே பசை தடவ வேண்டும். சரிவாக அறுத்த முனை பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு பூச்சு. கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி சதுரித்து நிற்கிறது என்று அர்த்தம். பசை மட்டும் அந்த மூலையைத் தாங்காது. ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ரம்பத்தால் கீறி, மெல்லிய ஈட்டி மரச் சீவலைச் செருகி ஒட்டினேன். பொன்னிறத் தேக்கில் அந்தக் கருங்கோடுகள் அத்தனை அழகாக வந்தன!

இன்னொன்று, பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகச் செய்யவில்லை. ஆறு பக்கமும் மூடிய கட்டையாகவே ஒட்டி, பிறகு சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரித்தேன். மூடி இம்மி பிசகாமல் உட்கார இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மேல்பலகை பிளைவுட்டாக இல்லாமல் முழு மரமாக இருந்தால், அதற்காகப் பக்கப் பலகையில் வெட்டிய காடியில் (நீளப் பள்ளத்தில்) பசை போடாமல் சும்மா நுழைத்து விடுங்கள். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், இறுக்கி ஒட்டினால் வெடித்துவிடும்.

•

அருமை அண்ணா. எனக்குப் பரிசாக வந்த பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். மர வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே கம்பளி ஃபெல்ட் ஒட்டியிருந்தது. அதில் வைத்த வெள்ளிச் சங்கிலியும் மோதிரமும் வெளியே வைத்தவற்றைவிட வேகமாகக் கறுத்துப்போயின. கம்பளியில் கந்தகம் இருக்கிறது, அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பரும் அப்படித்தான். பருத்தி வெல்வெட் போடுவது நல்லது. முத்து வைத்திருப்பவருக்குச் செய்தால் ஓக் மரம் வேண்டாம். அதிலிருந்து அசிட்டிக் அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும், முத்துக்கு அமிலம் ஆகாது.

•

பாலிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளியே ஆளிவிதை எண்ணெய் தாராளமாகப் போடலாம். உள்ளே போட்டால் மூடிய பெட்டியில் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது. உள்பக்கத்துக்கு அரக்கு பாலிஷ்தான் சரி, வாடை சீக்கிரம் போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் நான் வேறு வேலை பார்ப்பேன்.

பித்தளைக் கீலுக்கும் ஒரு வார்த்தை. பித்தளைத் திருகாணி மென்மையானது, கெட்டி மரத்தில் பாதியில் முறிந்துவிடும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றுங்கள். பிறகு பித்தளையில் மெழுகு தடவி ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

•

கம்பளி விஷயம் சொன்னதற்கு ரொம்ப நன்றி தங்கச்சி. நான் போட்டது பருத்தி வெல்வெட்தான். அதை மரத்தில் ஒட்டவில்லை. அட்டையை அறை அளவுக்கு வெட்டி, வெல்வெட்டை இழுத்துப் பின்பக்கம் மடித்து ஒட்டி, அப்படியே உள்ளே அழுத்திவிட்டேன். அழுக்கானால் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். மோதிர வரிசைக்கும் அதே வெல்வெட்டை ஸ்பாஞ்சில் சுற்றி, உருளைகளாக நெருக்கி அடுக்கினேன்.

அடுத்தது அம்மாவுக்கு. பூட்டு வேண்டும் என்கிறார். 10 மி.மீ. பலகையில் பூட்டைப் பதித்தவர்கள் இருந்தால், உளியால் குடையும்போது முன்பக்கம் பிளக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.