மறு: சூரியப் படத்துக்குச் சொல் – குருணையா, கொதிகுமிழியா?

எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை பதாகை அச்சுக்குப் போகிறது. பள்ளிக் கண்காட்சிக்காகக் காரைக்குடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பிள்ளைகளோடு எடுத்த சூரியப் படம், அதன் கீழே, சூரியப் பரப்பில் மணிமணியாகத் தெரியும் ‘கிரானுல்’ (granule) என்பதற்குத் தமிழ்ச்சொல் போட வேண்டிய இடம் மட்டும் இன்னும் காலி. ஐந்து அங்குலத் தொலைநோக்கியின் வாயில் வெயிலின் கூச்சத்தைக் குறைக்கும் சூரிய வடிதாளைக் கட்டி, தளமும் பக்கத்து ஓடுகளும் சூடேறுமுன் காலையிலேயே வீடியோ எடுத்து, அசையாத படங்களை மட்டும் பொறுக்கி அடுக்கினோம். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் அலையாடிவிடும். கரும்புள்ளியைச் சுற்றிப் பொடிப்பொடியாகத் தெரிகிறதே, அதற்குத்தான் உங்கள் எல்லாரிடமும் பெயர் கேட்டேன்.

ஐயா சொன்ன ‘பரல்’ அழகான சொல். ஆனால் சிலம்புக்குள் கிடக்கும் பரல் கெட்டி, என்றைக்கும் அப்படியே இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் அகலம், பத்து இருபது நிமிடத்தில் கலைந்து அந்த இடத்தில் வேறொன்று எழும்.

ஆச்சி சொன்ன ‘குருணை’, அதாவது நொறுங்கிய அரிசி, எல்லா வீட்டிலும் புழங்கும் சொல். வெள்ளைக்காரர்களும் 1860-களில் இதே சண்டை போட்டார்கள், வானத்தை ஆராய்ந்த நாஸ்மித் என்பவர் வில்லோ மரத்து இலை என்றார், வேறு சிலர் அரிசிமணி என்றார்கள். ஆனால் நாம் குறுநொய்யில் தொடங்கி, குறுணி அளவைக்குத் தாவி, பிள்ளையார்பட்டி முக்குறுணிக் கொழுக்கட்டையில் நான்கு நாளைக் கழித்துவிட்டோம். குறுணி முகத்தலளவை, அதை நொய்யோடு சேர்க்க வேண்டாம்.

எனக்கு மனதில் நிற்பது அப்பத்தாவின் கஞ்சிப்பானை. தளதளவென்று கொதிக்கும்போது நடுவில் பொங்கி எழும், ஓரத்துக்கு வந்ததும் மடிந்து உள்ளே இறங்கும். சூரியனிலும் அதேதான், சூடான வாயு நடுவில் எழுவதால் அங்கே வெளிச்சம், ஆறி இறங்கும் ஓரம் கறுப்பு. மணி, பரல், குருணை எதிலும் இந்தக் கொதிப்பு இல்லை. அதனால்தான் ‘கொதிகுமிழி’ என்கிறேன். தம்பி ‘கொதிக்குமிழி’ என்று எழுதியிருந்தார். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது.

பெரும்பாலோர் குருணை என்றுவிட்டீர்கள். சரி, தலைப்பில் ‘சூரியக் குருணை’ என்றே போடுகிறேன், விளக்கவரியில் கொதிகுமிழியும் இருக்கும், அதை எடுக்க மாட்டேன். அப்புறம், குருணைக்கு ‘ரு’வா ‘று’வா என்பதை மட்டும் ஐயா வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.