மெக்கில் சிவில் 3டி ஃபைல் திறந்ததும் மூடிவிடுகிறது, அவசரம்

நிந்தவூர்_சிவில்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். மெக்கில் சிவில் 3டி (ரோட் டிசைன் செய்கிற ஓட்டோடெஸ்க் மென்பொருள்) போட்டேன். இன்ஸ்டோல் சரியாக முடிந்தது. ஆனால் ஃபைலைத் திறந்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் தானாக மூடிவிடுகிறது. ரோட் டிசைன் புரொஜெக்ட், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கல்லடி_டிராஃப்டிங்:
எந்த மெக் தம்பி? இன்டெல் சிப்பா, ஆப்பிளின் எம் சிப்பா? விண்டோஸை எதில் போட்டீர்கள்? ரெம் எவ்வளவு?

ஏறாவூர்_லெப்டொப்:
ரெம் பத்தாது, அவ்வளவுதான். சிவில் 3டிக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டும். கடைக்கு இந்த முறைப்பாட்டோடு வருகிற மெஷின்களில் எல்லாம் ரெம்தான் காரணம். ரெம்மைக் கூட்டுங்கள்.

வாழைச்சேனை_அண்ணன்:
பரலல்ஸ் மாதிரி மெக்குக்குள்ளேயே விண்டோஸ் ஓட்டுகிற மென்பொருள் எல்லாம் வேண்டாம். பூட் கேம்ப் போட்டு விண்டோஸில் நேரே பூட் பண்ணுங்கள். என் மெக்புக் புரோவில் அப்படித்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

மட்டுநகர்_பொறியாளன்:
இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே. சிவில் படிக்கிற பிள்ளை மெக் வாங்கக் கூடாது. சிவில் 3டி, கட்டட டிசைனுக்கான ரெவிட், ஈடெப்ஸ் மூன்றும் விண்டோஸுக்கு மட்டும்தான். முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நிந்தவூர்_சிவில்:
மெக்புக் எயார் எம்2, 8 ஜிபி. பரலல்ஸ் ட்ரையலில் விண்டோஸ் 11. லைசன்ஸ் ஸ்டூடன்ட் லைசன்ஸ்தான். மெக் மாமா கட்டாரில் இருந்து அனுப்பியது.

கல்லடி_டிராஃப்டிங்:
அப்படியென்றால் பூட் கேம்ப் சரிவராது, அது இன்டெல் மெக்குக்கு மட்டும்தான். ரெம்மும் கூட்ட முடியாது, எம் சிப்போடு சேர்ந்தே வருகிறது.

ஏறாவூர்_லெப்டொப்:
கூட்ட முடியாது, சரி. ஆனால் காரணம் ரெம்தான்.

சம்மாந்துறை_சேர்வே:
தம்பி, ரெம்மும் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் சிப். எம்2 ஏஆர்எம் வகை. அதில் பரலல்ஸ் ஓட்டுவது ஏஆர்எம் விண்டோஸ். சிவில் 3டியோ இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதியது. அதை அந்த விண்டோஸ் ஓடும்போதே மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. சின்ன மென்பொருளுக்கு அது போதும். சேர்ஃபேஸ் (நிலத்தின் மேற்பரப்பு), கொரிடோர் (ரோட்டின் 3டி உருவம்) உள்ள ஃபைலைத் திறந்தால் கிராபிக்ஸில் போய் விழும். ஓட்டோடெஸ்க்கே ஏஆர்எம் ப்ரொசெசருக்கு ஆதரவு இல்லை என்று போட்டிருக்கிறது.

முதலில் ஒரு வெற்று டிராயிங் திறந்து பாருங்கள். அது நின்றால், கமாண்ட் லைனில் கிராபிக்ஸ்கொன்ஃபிக் (GRAPHICSCONFIG) என்று அடித்து ஹார்ட்வெயார் அக்செலரேஷனை ஓஃப் பண்ணுங்கள். பிறகு உங்கள் ஃபைலைத் திறவுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் திறக்க வாய்ப்பு உண்டு. எதற்கும் முதலில் ஃபைலுக்கு ஒரு கொப்பி எடுத்துவிடுங்கள்.

காத்தான்குடி_கேட்:
மெக்குக்கு ஓட்டோகேட் இருக்கிறதே! 2024 வேர்ஷனிலிருந்து எம் சிப்பில் நேராகவே ஓடுகிறது. அதை எடுங்கள்.

சம்மாந்துறை_சேர்வே:
கோடு போட அது நல்லது. ஆனால் சிவில் 3டியில் செய்த அலைன்மென்ட்டும் (ரோட்டின் நடுக்கோடு) சேர்ஃபேஸும் அதில் வெறும் உருவமாகத்தான் தெரியும். புரொஃபைலை (ரோட்டின் ஏற்ற இறக்கம்) திருத்தினால் கொரிடோர் சேர்ந்து மாறுவது அதில் கிடையாது. ரோட் டிசைனுக்கு வேண்டியதே அதுதானே.

மட்டுநகர்_பொறியாளன்:
இதைத்தான் நானும் சொன்னேன். மெக்கை விற்றுவிட்டு நல்ல விண்டோஸ் மெஷின் ஒன்றை எடுக்கட்டும்.

கல்லடி_டிராஃப்டிங்:
சேர், மாமா வெளிநாட்டில் உழைத்து அனுப்பியதை விற்கச் சொல்வது லேசான பேச்சு இல்லை. கரண்ட் போனாலும் பல மணி நேரம் தாங்குகிற மெஷின் அது. ரிப்போர்ட், பைதன், வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் எல்லாம் அதிலேயே நன்றாக ஓடும்.

மட்டுநகர்_பொறியாளன்:
சைட்டில் இஞ்சினியர் கேட்பது கியூஜிஐஎஸ் அல்ல. ஓட்டோகேட் டிராயிங்கான டிபிள்யூஜி ஃபைல் கேட்பார், அதுவும் அன்றைக்கே. தொழிலுக்குப் போனபின் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் அங்கே போய்த் திணறக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

வாழைச்சேனை_அண்ணன்:
இன்டெல் மெக் வாங்கியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

காத்தான்குடி_கேட்:
அண்ணா, அதை ஆப்பிள் இப்போது விற்பதே இல்லை.

சம்மாந்துறை_சேர்வே:
தம்பிக்குத் திங்கட்கிழமை சப்மிஷன், அதைப் பார்ப்போம். வீட்டிலோ சொந்தத்திலோ விண்டோஸ் டெஸ்க்டொப் ஒன்று இருந்தால் அதில் சிவில் 3டியைப் போட்டு, குரோம் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக மெக்கில் இருந்து வேலை செய்யலாம். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப் என்றால் அந்த மெஷினில் புரோ எடிஷன் இருக்க வேண்டும், ஹோம் சரிவராது. ஸ்லீப் ஓஃப் பண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அறுந்துவிடும். இன்னொன்று, கெம்பஸ் லேப்பில் எந்த ஆண்டு வேர்ஷனோ அதையே போடுங்கள். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் அலைன்மென்ட், கொரிடோர் சரியாக வராமல் போகலாம்.

நிந்தவூர்_சிவில்:
அக்செலரேஷன் ஓஃப் பண்ணினதும் திறந்தது, ஆனால் கொரிடோர் ரீபில்ட் கொடுத்ததும் திரும்ப மூடிவிட்டது. அக்கரைப்பற்றில் மச்சானிடம் டெஸ்க்டொப் இருக்கிறது, அதில் குரோம் ரிமோட் போட்டாச்சு. ரீபில்ட் ஆகிறது. ஜசாகல்லாஹ் நானா, எல்லோருக்கும் நன்றி.

கல்லடி_டிராஃப்டிங்:
நல்லது தம்பி. மச்சானின் மெஷினில் ரெம் எவ்வளவு, எந்த வேர்ஷன் போட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

ஏறாவூர்_லெப்டொப்:
16 இருக்கும். அதனால்தான் ஓடுகிறது.

கல்முனை_ஆர்க்:
எனக்கும் இதே கதைதான், ஆனால் ரெவிட். எம்3. என்ன செய்யலாம்?

கல்லடி_டிராஃப்டிங்:
ரெம் எவ்வளவு, விண்டோஸ் எதில் போட்டிருக்கிறீர்கள்?