வாசல் செருப்பு வரையுறேன், இதை எந்த கேலரிக்கு கொண்டு போறது?

ஈசூன்_பேஸ்டல்:

வணக்கம் எல்லாருக்கும். இவ்ளோ நாளா மத்தவங்க போடுற படத்தைப் பார்த்துட்டு லைக் போட்டுட்டு போறவதான் நான், இன்னைக்கு என்னோடதையும் போட்டுடலாம்னு ஒரு தைரியம். கீழ நாலு படம் இருக்கு, எல்லாமே சார்கோலும் சாஃப்ட் பேஸ்டலும், ஏ2 பேப்பர். சப்ஜெக்ட் என்னன்னு கேட்டு சிரிக்காதீங்க, எங்க புளோக் காரிடார்ல வீட்டுக்கு வீடு வாசல்ல கிடக்குற செருப்புங்க. சாக்ஸ் உள்ள திணிச்சு வச்ச சேஃப்டி பூட்ஸ், ஜன்னல் கம்பில காயப்போட்ட வெள்ளை ஸ்கூல் ஷூ, மூணாவது படத்துல தீபாவளி அன்னைக்கு ஒரு வீட்டு வாசல்லேருந்து பக்கத்து வீட்டு பூச்செடி வரைக்கும் பரவிக் கிடந்த கூட்டம்.

வீட்ல இதுக்கு பெரிய வரவேற்பெல்லாம் இல்ல. எங்க அத்தை பார்த்துட்டு "ஏன்டி, ஒரு லட்சுமி படம் வரைஞ்சா ஹால்ல மாட்டலாம், செருப்பை வரைஞ்சு எங்க மாட்டுறது"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான்.

போன வாரம் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் கிடங்குக் கட்டடத்துக்குப் போய் சிங்கப்பூர் ஆர்ட் மியூசியம் பார்த்துட்டு அதே கட்டடத்துல சரக்கு லிஃப்ட்ல ஏறி மேல இருக்கிற கேலரிங்களையும் சுத்தினேன். ஒரு இடத்துல லாப்டாப் வச்சிருந்தவங்க தலை தூக்கி சிரிச்சாங்க, போன்ல என் படம் எல்லாம் ரெடியா இருக்கு, ஆனா வாய் வரல. அப்படி நேரா காட்டலாமா? இல்ல ஈமெயிலா? இந்த மாதிரி வேலையை யார் எடுப்பாங்க? அப்புறம் பேஸ்டலை ஃப்ரேம் போடாம இப்போதைக்கு ஸ்டோர்ரூம்ல அடுக்கி வச்சிருக்கேன், அது ஓகேவா?

தேக்கா_தூரிகை:

தங்கச்சி, மொதல்ல அந்த மூணாவது படம். செருப்பு வார் ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடத்துல கரியை விரலால தேய்க்காம அப்படியே விட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் கண்ணு நிக்குது. ரெண்டாவது படத்துல நிழல் கொஞ்சம் அதிகம், அதை மட்டும் திரும்ப பாருங்க.

அத்தை சொன்னதை விடுங்க. எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) காரிடார், படிக்கட்டு எல்லாம் ஒண்ணும் சின்ன சப்ஜெக்ட் இல்ல. 2017ல பிரியகீதா தியான்னு நம்ம பொண்ணு, லசால் கல்லூரியில படிச்சிட்டு இருக்கும்போதே ஜாலான் ராஜாவுல ஒரு எச்டிபி புளோக்ல ஒரு மாடிப் படிக்கட்டுல தங்க நிற ஃபாயில் ஒட்டுச்சு. நகர மன்றம் அனுமதி இல்லாம செஞ்சதுன்னு சொல்ல, பேப்பர்லயும் ஃபேஸ்புக்லயும் ஒரே சண்டை, இது கலையா இல்ல கிறுக்கலான்னு. அதே பொண்ணு இப்ப வீடியோ, அனிமேஷன்னு போய் மலாயா தோட்டத் தொழிலாளர் வரலாறை எடுத்து செய்யுது, 2022 கொச்சி பினாலேங்கிற பெரிய கலைக் கண்காட்சியில கூட இருந்துச்சு. குமாரி நகப்பன் செஞ்ச ராட்சச ஜாதிக்காய் சிற்பம் ஆர்ச்சர்ட் ஐயான் மால் வாசல்ல 2009லேருந்து நிக்குது, நம்மாளுங்க அது முன்னாடி செல்ஃபி எடுப்பாங்க, யார் செஞ்சதுன்னு கேட்டா தெரியாது. ஆக நமக்கு முன்னோடிங்க இல்லன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, 1988லயே எஸ். சந்திரசேகரன் ரெண்டு நண்பர்களோட கோத்தே இன்ஸ்டிட்யூட்ல திரிமூர்த்தின்னு கண்காட்சி வச்சவரு.

இப்ப உங்க கேள்வி. கேலரின்னு பொதுவா சொல்றோம், ஆனா எல்லாம் ஒண்ணு இல்ல. ஆர்ட் மியூசியம், நேஷனல் கேலரி இதெல்லாம் அரசாங்க மியூசியம், அங்க க்யூரேட்டருங்கதான் (கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கிறவங்க) தேடி வருவாங்க, நாம போய் காட்டி ஒண்ணும் ஆகாது. கில்மன் பேரக்ஸ், டிஸ்ட்ரிபார்க்ல இருக்கிறது பெரும்பாலும் வியாபார கேலரி, அவங்க ஒரு ஓவியரை எடுத்தா வருஷக்கணக்கா கூடவே இழுத்துட்டு போகணும், ஆர்ட் ஃபேருக்கு (கலைச் சந்தை) கொண்டு போகணும், அதனால முன்பின் தெரியாதவங்க போன்ல காட்டுற படத்தைப் பார்த்து முடிவு பண்ண மாட்டாங்க. அவங்க மேல தப்பும் இல்ல. ஆனா போறதை நிறுத்தாதீங்க, கண்காட்சி ஓப்பனிங் அன்னைக்கு போங்க, காசு கிடையாது, யார் என்ன வரைறாங்கன்னு தெரியும், உங்க படம் எந்த சுவர்ல ஒட்டும்னு உங்களுக்கே புரியும். ஜனவரியில சிங்கப்பூர் ஆர்ட் வீக் வரும்போது ஒரே வாரத்துல பாதி ஊரைப் பார்த்துடலாம்.

உங்களுக்கு இப்ப சரியா வர்றது ஓவியருங்களே நடத்துற சின்ன இடங்கள், குரூப் ஷோ, ஓப்பன் கால் (யார் வேணா படம் அனுப்பலாம்னு வர்ற அழைப்பு). யுஓபி பேங்க் நடத்துற ஓவியப் போட்டி 1982லேருந்து நடக்குது, புதுசா வர்றவங்களுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, பேப்பர்ல வரைஞ்சது செல்லுமான்னு விதிமுறையை மட்டும் முதல்ல படிச்சுக்குங்க.

சும்மா_பார்க்கிறவன்:

எல்லாம் சரிதான், ஆனா உள்ளதை சொல்லணும்ல. கேலரி எல்லாம் காசு உள்ளவன் சோபாவுக்கு மேட்சா படம் வாங்குற இடம். வெள்ளைச் சுவர், ஏசி, சுவர்ல விலை கூட போட மாட்டான். முன்னாடி ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல சப்ஸ்டேஷன்னு ஒரு கலை மையம் இருந்துச்சு, 1990ல குவோ பாவ் குன் ஆரம்பிச்சது, பேர் இல்லாத பசங்க கூட அங்க மாட்டலாம், இசை போடலாம், 2021ல அந்த கட்டடத்தை விட்டாச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி இடம் எங்க? செருப்பு படத்தை புளோக் கீழ்த்தளத்துல திறந்து கிடக்குற வாய்ட் டெக்லயே மாட்டு மா, பார்க்கிறவன் பார்க்கட்டும்.

தேக்கா_தூரிகை:

அண்ணே, விலை போடலன்னா கேட்டா லிஸ்ட் குடுப்பாங்க, கவுண்டர்லயே வச்சிருப்பாங்க. சப்ஸ்டேஷன் விஷயத்துல உங்களோட நானும் சேர்ந்து அழுவேன். வாய்ட் டெக் ஐடியா நல்லாதான் இருக்கு, நகர மன்றத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், மழைச் சாரல் அடிச்சா சார்கோல் என்ன ஆகும்னு யோசிங்க.

சட்டம்_கண்ணாடி:

நான் ஃப்ரேம் கடைல வேலை பாக்குறேன், அதனால கடைசி கேள்விக்கு மட்டும் வரேன், யாரும் அதைத் தொடல.

ஸ்டோர்ரூம்னா வீட்டுக்குள்ள இருக்கிற பாம் ஷெல்டர் அறையைத்தானே சொல்றீங்க? தயவுசெஞ்சு வெளிய எடுங்க. இரும்புக் கதவு மூடினா காத்தோட்டம் கம்மி, நம்ம ஊர் ஈரத்துக்கு பேப்பர்ல பழுப்புப் புள்ளி வந்துடும், அது வந்தா போகாது. பேஸ்டலை ஒண்ணு மேல ஒண்ணு நேரா அடுக்கவும் கூடாது, நடுவுல கிளாசின் பேப்பர் வைங்க, அது வழுவழுன்னு இருக்கும், பொடி ஒட்டாது. பிரௌன் பேப்பர், நியூஸ்பேப்பர் வேணாம், ஆசிட் இருக்கு. கட்டிலுக்கு அடியில தட்டையா ஒரு போர்ட்ஃபோலியோல வச்சு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க, பாக்கெட்டை அப்பப்ப மாத்துங்க.

ஃப்ரேம் போடும்போது கண்ணாடிதான், அக்ரிலிக் ஷீட் வேணாம். லேசா இருக்கும், உடையாதுன்னு கடைல அக்ரிலிக்தான் தள்ளுவாங்க, நானே மத்த படத்துக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனா சாதா அக்ரிலிக்கை துணியால துடைச்ச உடனே ஸ்டாட்டிக் வந்து கரிப்பொடியை பேப்பர்லேருந்து இழுக்கும். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா ஷீட்டோட உள்பக்கம் உங்க படத்தோட சாயல் தெரியும். கண்ணாடியும் படத்தைத் தொடக்கூடாது, நடுவுல மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி வர்ற அட்டை) ஒண்ணு, பேஸ்டல் தடிமனா இருந்தா அதுக்கு அடியில இடைவெளிக்கு ஸ்பேசர் பட்டையும் வைக்கச் சொல்லுங்க. உதிர்ற பொடி அந்த இடைவெளில விழுந்து மறைஞ்சுடும், மவுண்ட் மேல கறை தெரியாது. பொடி உதிராம இருக்க ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே அடிச்சா பேஸ்டல் கலர் கொஞ்சம் கறுக்கும், ஒரு துண்டுப் பேப்பர்ல அடிச்சுப் பார்த்துட்டு செய்யுங்க, ஜன்னல் திறந்து வச்சு.

போட்டோ எடுக்கணும்னா ஃப்ரேம் போடுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. நீங்க போட்ட ஒண்ணாவது படம் ட்யூப் லைட்ல எடுத்ததுன்னு நினைக்கிறேன், பச்சை அடிக்குது. காலைல ஜன்னல் பக்கம் வச்சு, வெயில் நேரா விழாம எடுங்க.

ஈசூன்_பேஸ்டல்:

ஐயோ பாம் ஷெல்டரேதான்! இப்பவே எல்லாத்தையும் ஹாலுக்கு எடுத்தாச்சு, அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. ரொம்ப நன்றி. ஆமா ட்யூப் லைட்தான் எப்படி கண்டுபிடிச்சீங்க.

இன்னொண்ணு, எங்க வீட்டுக்கிட்ட ஒரு கோப்பிக்கடை மாதிரி கஃபே, சுவர் சும்மாதான் இருக்கு, படம் மாட்டுங்க வித்தா பாதி எங்களுக்குன்னு கேட்டாங்க. பாதியா? அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க செருப்பை வரைய அவங்ககிட்ட கேக்கணுமா?

வரைகோடு:

பாதிங்கிறது வியாபார கேலரில சாதாரணம்தான் சிஸ், ஆனா கேலரி அந்த பாதிக்கு வாங்குறவங்களைக் கூட்டிட்டு வருவாங்க, கேட்டலாக் எழுதுவாங்க, லைட் போடுவாங்க, படம் அங்க இருக்கிற வரைக்கும் இன்ஷூரன்ஸ் பார்ப்பாங்க. கஃபே ஆணி அடிக்க விடுறதுக்கு பாதி கேக்குறது ரொம்ப ஓவர் லா. சும்மா ஒரு கணக்குக்கு 600 வெள்ளின்னு வச்சுக்குங்க, 300 அவங்களுக்கு, ஃப்ரேம் செலவு 120ன்னா உங்க கைல 180, அதுல பேப்பர், பேஸ்டல், உங்க ராத்திரி தூக்கம் எல்லாம் அடக்கம்.

எனக்கு ஒரு கஃபேல நடந்தது, பேர் வேணாம். வாய் வார்த்தையா பேசி படத்தை மாட்டிட்டு வந்தேன், ஆள் மாறினாங்க, புது மேனேஜருக்கு நான் யாருன்னே தெரியல, ஒரு படம் காணோம், வித்ததா எடுத்துட்டு போயிட்டாங்களான்னு இன்னி வரைக்கும் தகவல் இல்ல. அதனால ஒரு பக்கம் போதும், எழுதி கையெழுத்து வாங்குங்க, எந்த படம், என்ன சைஸ், என்ன விலை, யாருக்கு எத்தனை பங்கு, வித்த பணம் எத்தனை நாள்ல வரும், எண்ணெய் புகை பட்டோ உடைஞ்சோ போனா யார் பொறுப்பு, எப்ப திருப்பி எடுக்கலாம். இதுக்கு கன்சைன்மென்ட் நோட்டுன்னு பேரு, ஒரு நல்ல கேலரி இது இல்லாம படத்தை வாங்கவே வாங்காது. விலையும் எல்லா இடத்துலயும் ஒண்ணா வைங்க, கஃபேல 600, இன்ஸ்டால 350ன்னா நாளைக்கு எந்த கேலரியும் உங்களைத் தொடாது.

செருப்புக்கு அனுமதி சட்டப்படி வேணும்னு எனக்குத் தோணல, ஆனா வீட்டு நம்பர் தெரியாம பார்த்துக்குங்க, கேட்டுட்டு வரைஞ்சா ஓப்பனிங்குக்கு அவங்களே வந்து நிப்பாங்க. உங்க படத்தை யாராச்சும் பேர் போடாம எடுத்து ஷேர் பண்ணா கேளுங்க, 2021 நவம்பர்லேருந்து புது காப்புரிமைச் சட்டத்துல வரைஞ்சவர் பேரைப் போட்டே ஆகணும்.

சும்மா_பார்க்கிறவன்:

செருப்பு ரேக்கை காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடாம வச்சா நகர மன்றம் நோட்டீஸ் ஒட்டிடும், அந்த நோட்டீஸையும் சேர்த்து வரைஞ்சுடு மா. கிண்டல் இல்ல, நிஜமா நல்லா இருக்கும்.

ஈசூன்_பேஸ்டல்:

அண்ணே அது ஏற்கனவே எங்க மாடியில ஒட்டியிருக்கு 😂 வரைஞ்சுடறேன். கஃபேக்கு அந்த ஒரு பக்க பேப்பரை அனுப்பி 30 சதவீதம்னு கேட்டிருக்கேன், பதில் வரல. அதுக்குள்ள மூணாவது படத்தை மட்டும் ஃப்ரேம் போடலாம்னு இருக்கேன். ஏ2க்கு ஸ்பேசர் எவ்ளோ தடிமன் கேக்கணும்? மவுண்ட் வெள்ளையா, ஆஃப் ஒயிட்டா?

சட்டம்_கண்ணாடி:

5 மில்லிமீட்டர் தாராளம். ஆஃப் ஒயிட். உங்க பேப்பரே லேசா மஞ்சள், சுத்த வெள்ளை மவுண்ட் வச்சா பேப்பர் அழுக்கா தெரியும். ஆசிட் ஃப்ரீன்னு கேட்டு வாங்குங்க, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனா ரெண்டு மூணு கடைல விலை கேட்டுட்டு குடுங்க. தூக்கிட்டு போகும்போது படம் மேல பார்த்து தட்டையா இருக்கணும், எம்ஆர்டில கூட்ட நேரம் வேணாம்.