மாத்திரைச் செலவுக்கு ஓபிடி காப்பீடா, நேரடிப் பணமா? 140 பேர் கம்பெனிக்கு எது சரி?

கோவை_எச்ஆர்
வணக்கம். பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி, 140 பேர். 55 பேர் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் அதன் உச்சவரம்பான 21,000-ஐத் தாண்டிய 85 பேருக்குக் குடும்பத்தோடு 3 லட்ச ரூபாய் குரூப் பாலிசி. ஆஸ்பத்திரியில் படுத்தால் பாலிசி பார்த்துக்கொள்ளும். சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதில் ஒரு பைசா வராது. பாலிசியைப் புதுப்பிக்கும் நேரம் இது. ஓபிடி, அதாவது அட்மிட் ஆகாமல் வெளிநோயாளியாகச் செய்யும் செலவுக்கான காப்பீடு, சேர்க்கச் சொல்கிறார் முகவர்: ஆளுக்கு வருடம் 5,000 வரம்பு, பிரீமியம் 3,800, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 3.8 லட்சம் வரும். அதே தொகையைத் தொழிலாளர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்கிறார் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். உங்கள் வாதங்களைச் சொல்லுங்கள்.

கணக்கர்_சேலம்
ஓபிடி வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 3,800-க்கு ஜிஎஸ்டி 684, ஆக ஆளுக்கு 4,484. 85 பேருக்கு 3,81,140. இந்தப் பணம் திரும்பி வரவேண்டுமானால் 85-ல் 77 பேர் 5,000-ஐயும் முழுசாக எடுக்க வேண்டும். இருபத்தைந்து வயசுப் பையன் வருடத்தில் ஒருமுறை காய்ச்சலுக்கு 600 ரூபாய் எடுப்பான். மாதம் 2,000 ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறவருக்கோ மூன்றாம் மாதமே வரம்பு தீர்ந்துவிடும். தேவையுள்ளவருக்குப் பற்றாது, தேவையில்லாதவருக்கு வீண்.

வருமா வராதா என்று தெரியாத பெரிய செலவுக்குத்தான் காப்பீடு. ஒன்றாம் தேதி வாடகை மாதிரி தவறாமல் வரும் செலவைக் காப்பீட்டுக் கம்பெனி வழியாகச் சுற்றிவிட்டால், அதன் நிர்வாகச் செலவும் லாபமும் நம் தலையில்தான் விழும். தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, குரூப் பாலிசிக்கு 18% அப்படியே இருக்கிறது. சட்டப்படி கட்டாயமாக எடுக்கும் பாலிசி தவிர மற்றதற்கு அந்த ஜிஎஸ்டியை இன்புட்டாக, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

கிளெய்ம்_மேசை
சேலத்தாரே, கூட்டல் கழித்தல் சரி, பார்வைதான் குறுகல். ஓபிடி என்றால் மாத்திரை மட்டும் இல்லை. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அதில் வரும். மூன்று மாத சர்க்கரை அளவு பார்க்கும் எச்பிஏ1சி-யை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஆள், கைக்காசு என்றால் தள்ளிப்போடுவார். அப்புறம் ஒருநாள் கால்புண்ணோடு அட்மிட் ஆவார். அந்த ஒரு கிளெய்மே லட்சத்தைத் தாண்டும், அடுத்த புதுப்பிப்பில் 85 பேருக்கும் பிரீமியம் ஏறும். அந்தச் செலவை உங்கள் கணக்கில் காணோம்.

இரண்டாவது விஷயம் வரி. மருந்து பில்லுக்கு 15,000 வரை இருந்த வரிவிலக்கு 2018-19 நிதியாண்டிலிருந்து இல்லை. இப்போது கையில் கொடுக்கும் மருத்துவப் படி முழுக்கச் சம்பளமாகத்தான் எண்ணப்படும். கம்பெனி கட்டும் குரூப் பிரீமியத்துக்குத் தொழிலாளர் வரி கட்ட வேண்டாம்.

கணக்கர்_சேலம்
புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரி பூஜ்யம், சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு வேறு. மாதம் 30,000, 40,000 வாங்குகிற ஃபிட்டருக்கு ஏது வரி? மேலாளர்கள் நாலைந்து பேருக்காக எல்லோருடைய திட்டத்தையும் வளைக்க வேண்டாம்.

ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கவும் நான் சொல்லவில்லை. தொடர் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் பில் பார்த்து மாதம் 1,000 வரை கொடுங்கள். 30 பேர் இருந்தாலும் வருடம் 3,60,000-தான்.

கிளெய்ம்_மேசை
அந்தப் பில்லை யார் பார்ப்பது? மனநல மருந்து எடுக்கிறவரும் எச்ஐவி மருந்து எடுக்கிறவரும் எச்ஆர் மேசையில் கொண்டுவந்து பில் வைப்பார்களா? மாட்டார்கள். மிகவும் தேவைப்படுகிறவர் முதல் ஆளாக ஒதுங்கிவிடுவார். வைத்தவருடைய நோயும் ஒரே வாரத்தில் கேன்டீன் வரைக்கும் போய்விடும். காப்பீட்டில் பில் நேராக டிபிஏ-வுக்கு, அதாவது காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கிளெய்ம் பார்க்கும் நிறுவனத்துக்குப் போகும், முதலாளிக்கு மொத்தக் கணக்கு மட்டும் வந்தால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஓபிடி பக்கம்.

மருந்தாளுநர்_மதுரை
இரண்டு பேரும் பணம் எந்த வழியில் போகிறது என்றே பேசுகிறீர்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பாதிச் செலவு அங்கேதான் இருக்கிறது.

டாக்டர் பிராண்டு பெயர் எழுதிவிட்டால் நான் அதைத்தான் கொடுக்க முடியும். மருந்து விதிகளில் 65-ஆம் விதி அப்படி. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற அட்டவணை எச் மருந்துக்கு எழுதியது ஒன்று, கொடுத்தது வேறு என்று இருக்கக் கூடாது, உள்ளே அதே மூலமருந்து இருந்தாலும் சரி. அதனால் கடையில் வந்து ‘விலை குறைவா ஏதாவது இருக்கா’ என்று கேட்பது தப்பான இடத்தில் கேட்பது. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே கேட்க வேண்டும்: ‘சார், மூலமருந்தோட பேரை எழுதித் தாங்க.’ டெல்மிசார்டான் 40, மெட்ஃபார்மின் 500 என்று இருந்தால் மத்திய அரசின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம். பெரும்பாலான சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் செலவு பாதிக்கும் கீழே இறங்கும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் மருந்து மெல்ல இறங்கும் மாத்திரை, அதற்குச் சாதா மாத்திரை மாற்று ஆகாது. வலிப்பு மருந்தில் டாக்டர் சொல்லாமல் கம்பெனி மாற்றவே கூடாது. தைராய்டு மாத்திரையில் கம்பெனி மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த பிரஷர் மாத்திரை மலிவுக் கடையில் இல்லாமல் போகலாம். தனித்தனியாக எழுதித்தர முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். விலையை ஒப்பிடும்போது அட்டை விலையைப் பார்க்காதீர்கள், ஒரு மாத்திரை விலையைப் பாருங்கள். ஒரு கம்பெனி அட்டையில் 10, இன்னொன்றில் 15.

இன்சுலினுக்கு ஒரு எச்சரிக்கை. குப்பி மலிவு, பேனா விலை கூடுதல் என்பதால் பலர் மாறுகிறார்கள். நம்மூரில் பொதுவாகக் கிடைக்கும் 10 மில்லி குப்பியில் மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400. பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 300. கார்ட்ரிட்ஜ் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்து 20 கோடு வரை போட்டால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். குப்பிக்கு மாறுகிறவர் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சுதான் கேட்டு வாங்க வேண்டும், எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடம் திரும்பவும் எழுதி வாங்க வேண்டும்.

தொழிற்சங்கம்_ஓசூர்
அந்த 55 பேரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். இஎஸ்ஐ-யில் தொழிலாளி கட்டுவது 0.75%, முதலாளி 3.25%. அதில் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் குடும்பத்துக்கே இலவசம். 85 பேர் ஏங்குகிற விஷயம் இவர்களுக்குச் சட்டப்படி இருக்கிறது. ஆனால் ஷிஃப்டை விட்டுவிட்டு டிஸ்பென்சரி வரிசையில் நிற்க முடியாமல் வெளியில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எச்ஆர் செய்ய வேண்டியது இது: மாதத்தில் ஒரு அரைநாள் சம்பளத்தோடு அனுமதி, இ-பெஹ்சான் என்ற இஎஸ்ஐ அடையாள அட்டையில் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்திருக்கிறார்களா என்று ஆள் ஆளாகச் சரிபார்ப்பு. மருந்து இருப்பில் இல்லை என்றால் அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, வெளியில் வாங்கிய பில்லோடு திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். எழுதி வாங்காமல் வந்துவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

அடுத்தது சம்பள உயர்வு. 20,600 வாங்குகிறவருக்கு ஏப்ரல் 1 முதல் 21,800 என்றால் அன்றே இஎஸ்ஐ பங்களிப்பு நிற்கும். மார்ச் வரை கட்டியதற்கு டிசம்பர் 31 வரை சலுகை. அதே உயர்வு மே 1 முதல் என்றால், ஏப்ரலில் தொடங்கிய ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை அவர் உள்ளேயே இருப்பார், சலுகை அடுத்த ஜூன் 30 வரை ஓடும். ஒரு மாதத் தள்ளுதலில் ஆறு மாத மருந்து.

கணக்கர்_சேலம்
ஓசூர் தோழர், இதை ஏற்கமாட்டேன். தொழிலாளிக்கு ஒரு மாத உயர்வு 1,200 ரூபாய் போகிறது, முழுச் சம்பளத்துக்கும் ஆறு மாதம் இரண்டு தரப்பும் பங்களிப்பு கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் நோயாளி இல்லாதவருக்கு இது நஷ்டம். எல்லாருக்கும் ஒரே தேதி வைக்காமல், ஆளைக் கேட்டு முடிவெடுங்கள்.

தொழிற்சங்கம்_ஓசூர்
கேட்டு முடிவெடுப்பது சரி, கேட்பதே இல்லை என்பதுதான் எங்கள் குறை. உங்கள் 1,000 ரூபாயையும் யோசித்துக் கொடுங்கள். 20,500-ல் இருப்பவருக்கு அதை மாதப் படியாகப் போட்டால் இஎஸ்ஐ சம்பளக் கணக்கில் ஏறி உச்சவரம்பைத் தாண்டிவிடுவார். ஆயிரம் கொடுத்து இஎஸ்ஐ-யைப் பறித்த கதை ஆகும். ஓவர்டைம் பணம் மட்டும் உச்சவரம்பு பார்க்கும்போது சேராது.

கிளெய்ம்_மேசை
இப்போதைய பாலிசியிலேயே வரவேண்டிய மருந்துப் பணத்தையும் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான குரூப் பாலிசியில் அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் மருந்து, பரிசோதனைச் செலவு உண்டு. கேஷ்லெஸ் முடிந்ததும் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது தனி கிளெய்ம், தனியாக அனுப்ப வேண்டும். பாலிசியில் போட்டிருக்கும் கெடு, பல இடங்களில் அந்த 60 நாள் முடிந்து 15 நாள்.

தள்ளுபடி ஆகும் காரணங்கள் பழையவைதான். பில் இருக்கும், சீட்டு இருக்காது. சீட்டுத் தேதிக்கு முன்னால் பில் தேதி இருக்கும். ஆன்லைனில் வாங்கிய பில் மகன் பெயரில் வந்திருக்கும், நோயாளி அப்பா. கடைக்காரர் பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் கொடுத்திருப்பார், பேட்ச் எண் இருக்காது. இதய அடைப்புக்கு அட்மிட் ஆனவர் தைராய்டு மாத்திரைக்கும் சேர்த்துக் கேட்டிருப்பார். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் எச்ஆர் ஒரு ஃபோன் போட்டு இவ்வளவையும் சொன்னால் பாதித் தள்ளுபடி குறையும்.

மருந்தாளுநர்_மதுரை
ரகசியத்துக்கு ஒரு வழி உண்டு. ஒரு மருந்துக்கடையோடு மாதக் கணக்கு வைத்து ஆளுக்கு ஒரு டோக்கன் எண் கொடுங்கள். கடை கம்பெனிக்கு அனுப்புவது எண்ணும் தொகையும் மட்டும். மருந்தின் பெயர் போகாது.

கிளெய்ம்_மேசை
கடைக்காரர் அதே ஊர்க்காரர் ஆயிற்றே. ஆயிரம் ரூபாய் வரம்பு தெரிந்தால் ஆயிரத்துக்கு பில் ஏற்றுகிற கடையும் இருக்கிறது.

மருந்தாளுநர்_மதுரை
இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால் இரண்டு கடையாவது வையுங்கள், ஒன்று மூலமருந்துக் கடையாக இருக்கட்டும். இன்னொன்று: 30 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்த்தால் மருந்து தேவைப்படுவோர் எண்ணிக்கை தெரிந்துவிடும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024 முதல் தொழிற்சாலைகளுக்கும் வருகிறது. உங்கள் பகுதி சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். அதில் சேர்ந்தவருக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரை இலவசம், காப்பீடும் வேண்டாம், படியும் வேண்டாம்.

கோவை_எச்ஆர்
85 பேரில் எத்தனை பேர் தொடர் மருந்து சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கே எங்களிடம் இல்லை. பெயர் இல்லாத சீட்டில் மாதச் செலவை மட்டும் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லப்போகிறேன். முகவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கிளெய்ம்_மேசை
5,000 ஆளுக்கா குடும்பத்துக்கா? எந்தக் கடையில் வாங்கினாலும் பணம் வருமா, அவர்கள் பட்டியலில் உள்ள கடை மட்டுமா? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கு முதல் நாளிலிருந்து உண்டா? பில்லுக்கு இத்தனை சதவீதம் கைக்காசு என்று இருக்கிறதா? 85 பேருக்கு 5,000 என்பதற்குப் பதில் ஒரே பொதுத்தொகையாக வைத்து, தேவையுள்ளவர் அதிகம் எடுக்க விடுவார்களா? கடைசிக் கேள்விக்குச் சரி என்றால் சேலத்தார் சொன்ன 77 பேர் கணக்கு அடிபட்டுப் போகும்.

கணக்கர்_சேலம்
சரி என்று வந்தால் பிரீமியம் 3,800-ல் நிற்காது. புது விலையை இங்கே போடுங்கள், அதற்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.